நித்திரைக் குளிசை: இரத்தமும் சிறுநீரும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

யுத்தம் எங்களிடமிருந்து பறித்தவற்றைக் கணக்கெடுத்தால் உயிர், உறுப்பு, காணி, வீடு, நகை என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் யாரும் எழுதாமல் விட்ட ஒன்று நித்திரை. பங்கருக்குள் விழித்திருந்த இரவுகளில் தொலைந்த நித்திரை, 2009க்குப் பின் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் எம்மில் பலருக்குத் திரும்பவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு, வன்னிக் கிராமங்களில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களோடு சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். போகும் வீடுகளில் சாமிப்படத் தட்டிலோ, தையல் மெஷின் லாச்சிக்குள்ளோ ஒரு சின்னக் கடதாசி உறை இருக்கும். அதற்குள் சில குளிசைகள். "என்ன குளிசை அக்கா?" என்று கேட்டால், "அது நித்திரைக்குத் தந்தது பிள்ளை" என்பார்கள். குளிசையின் பெயர் தெரியாது. எத்தனை மில்லிகிராம் என்று தெரியாது. எவ்வளவு காலத்துக்குப் போடவேண்டும் என்றும் தெரியாது.

அந்தக் குளிசை நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அது இரத்தத்திலும் சிறுநீரிலும் தாய்ப்பாலிலும் ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. அந்த அடையாளத்தை ஆய்வுகூடம் அளந்து ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தருகிறது. அந்தத் துண்டு ஒரு பெண்ணுக்கு நீதி பெற்றுத் தரவும் கூடும், அவளது பிள்ளைகளை அவளிடமிருந்து பிரிக்கவும் கூடும். ஆகவே அதை வாசிக்க நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு துண்டு ரிப்போட் செய்த வேலை

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. இறுதி யுத்தத்தில் கணவரை இழந்த ஓர் அக்கா. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். தையல்தான் வருமானம். கிளினிக்கில் அவருக்கு இரவில் போடும்படி டயஸிபாம் 5 மில்லிகிராம் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் வெயிலுக்குள் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சிறுநீரை ஒரு பட்டியில் விட்டுச் சோதித்து, "பென்சோடயஸிபீன் - பொசிட்டிவ்" என்று எழுதினார்கள்.

அந்தத் துண்டு எப்படியோ கணவரின் உறவினர் ஒருவர் கைக்குப் போய்விட்டது. "இவள் போதைக்குப் பழகினவள். சிறுநீரிலேயே வந்திட்டுது. இவளிட்டைப் பிள்ளையளை விடேலாது" என்று ஊரெல்லாம் பேச்சு. பிள்ளைகளைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி எழுத்தில் முறைப்பாடும் போனது. பிள்ளைகளின் பெயரில் இருந்த காணிதான் அந்தத் திடீர்ப் பாசத்துக்குக் காரணம் என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை.

"நான் ஒரு நாளும் கள்ளுக்கூட வாயில வைச்சதில்லைப் பிள்ளை. எனக்கேன் இந்தப் பேர்?" என்று அந்த அக்கா கேட்டார். அழவில்லை. கையில் இருந்த சட்டைத் துணியைக் கீழே வைக்கவும் இல்லை.

அவரது கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போனோம். குளிசையின் பெயர், அளவு, கொடுத்த திகதி, வைத்தியரின் கையொப்பம் எல்லாம் அதில் இருந்தன. வைத்தியரும் ஒரு கடிதம் தந்தார். நன்னடத்தை உத்தியோகத்தர் இரண்டையும் வாசித்தார். வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடும் பேசினார். பிள்ளைகள் தாயோடேயே இருந்தார்கள். அவரைக் காப்பாற்றியது மூலை மடிந்த ஒரு பழைய கொப்பி.

எல்லோருடைய கொப்பியிலும் அப்படித் தெளிவாக எழுதியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த "பொசிட்டிவ்" என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன கருத்து என்று பார்ப்போம்.

குளிசை உடம்புக்குள் போனால்

விழுங்கிய குளிசை குடலில் கரைந்து இரத்தத்தில் சேர்கிறது. இரத்தம் அதை மூளைக்குக் கொண்டு போகிறது; அங்கேதான் நித்திரை வருகிறது. மிச்சம் கொழுப்பில் தங்கும். ஈரல் அதைச் சிறிது சிறிதாக வேறு பொருள்களாக மாற்றுகிறது. சிறுநீரகம் அவற்றை வெளியே அனுப்புகிறது. ஆகவே சிறுநீரில் ஆய்வுகூடம் தேடுவது பெரும்பாலும் ஈரல் மாற்றி அனுப்பிய பொருள்களையே.

இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் குளிசைக்குக் குளிசை வேறுபடும். மிடசோலம் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பாதியாகும். அல்பிரசோலம் பாதியாக ஏறத்தாழ 11 மணித்தியாலம் எடுக்கும். டயஸிபாமுக்கு ஒன்று இரண்டு நாள் ஆகும். டயஸிபாமை ஈரல் மாற்றி உண்டாக்கும் பொருளும் நித்திரை தரக்கூடியதுதான். அது இன்னும் நீண்ட நாள் நிற்கும். வயது போனவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இந்தக் காலம் மேலும் கூடும்.

இதை அரிசிப் பானையை வைத்து விளங்கிக்கொள்ளலாம். ஒவ்வோர் இரவும் பானையில் ஒரு சுண்டு அரிசி போடுகிறோம். அடுத்த இரவுக்குள் பானையில் உள்ளது பாதியாகக் குறைகிறது. அப்படியே தொடர்ந்தால் சில நாளில் பானையில் இரண்டு சுண்டு அளவில் வந்து நிற்கும். பாதியாவதற்கு இரண்டு நாள் பிடித்தால் மூன்று சுண்டுக்கும் மேல் சேரும். நாம் போடுவது ஒரே ஒரு குளிசை. உடம்பில் நிற்பதோ பல குளிசைக்குச் சமம். காலையில் தலை பாரமாக இருப்பதும், அடுப்படியில் கை தடுமாறுவதும், கிணற்றடியில் கால் வழுக்குவதும் சில வேளை இதனால்தான்.

ஒரு பெண் விஞ்ஞானியும் ஒரு பட்டியும்

இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு மிக மிகச் சிறியது. டயஸிபாம் 10 மில்லிகிராம் ஒன்றைப் போட்டவரின் இரத்தத்தில், கூடிய அளவு இருக்கும் நேரத்தில்கூட, ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 200 முதல் 400 நனோகிராம்தான் இருக்கும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் ஒரு நனோகிராம்.

இவ்வளவு சிறிய அளவுகளை அளக்க வழி திறந்தவர்களில் ஒருவர் பெண் என்பது எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நியூயோர்க்கில் வசதி குறைந்த குடும்பத்தில் 1921இல் பிறந்தவர் ரோசலின் யாலோ. பௌதிகவியல் படித்த அவர், சொலமன் பேர்சன் என்ற வைத்தியரோடு சேர்ந்து 1950களில் இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். உடம்பு நோய்க்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருளையே அளவுகோலாகப் பயன்படுத்தியதுதான் அவர்கள் செய்த புதுமை. அதற்குக் காப்புரிமை எடுத்துப் பணம் சேர்க்க அவர்கள் முயலவில்லை. பேர்சன் 1972இல் இறந்துபோக, 1977இல் யாலோவுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று மருந்துகளைத் தேடும் சிறுநீர்ப் பட்டி அந்த எண்ணத்தின் வழியில் வந்ததே.

பட்டி வேலை செய்யும் விதம் பஸ்ஸில் ஆசனம் பிடிப்பதைப் போன்றது. எதிர்ப்பொருள்தான் ஆசனம். சிறுநீரில் மருந்து இருந்தால் அது முந்திப்போய் ஆசனத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டியில் கோடு தோன்றாது. மருந்து இல்லாவிட்டால் கோடு தோன்றும். கர்ப்பம் பார்க்கும் பட்டியில் இரண்டாவது கோடு வந்தால் "ஆம்" என்று அர்த்தம். இந்தப் பட்டியில் கோடு வராவிட்டால்தான் "ஆம்". பழக்கமில்லாதவர் பார்த்தால் தலைகீழாக வாசித்துவிட இடமுண்டு.

இன்னும் சில குறைபாடுகளும் உண்டு:

பட்டிக்கு ஓர் எல்லை இருக்கிறது. பொதுவாக ஒரு மில்லிலீற்றரில் 200 அல்லது 300 நனோகிராமுக்குக் குறைந்தால் அது "இல்லை" என்று சொல்லும். நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் ஐதாக இருப்பதாலும் "இல்லை" என்று வரலாம்.

எல்லா நித்திரைக் குளிசையையும் அது பிடிக்காது. லோரசிபாம், குளோனசிபாம் இரண்டும் பென்சோடயஸிபீன் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆனாலும் பல பட்டிகள் அவற்றைத் தவறவிடுகின்றன. சோல்பிடெம் வேறு குடும்பம், ஆகவே இந்தப் பட்டியில் தெரியாது.

போடாத குளிசையைப் போட்டதாகவும் அது சொல்லக்கூடும். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் செர்ட்ரலீன் சில சோதனைகளில் பென்சோடயஸிபீன் போலத் தெரிந்திருக்கிறது. எம்மில் பலர் கிளினிக்கில் வாங்கிப் போடும் குளிசை அது.

ஆகவே பட்டியின் பதில் ஒரு சந்தேகம் மட்டுமே. அதை உறுதிசெய்ய, கலவையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மூலக்கூறையும் நிறுத்துப் பார்த்து அடையாளம் காணும் இயந்திரம் வேண்டும். நீதிமன்ற வழக்குகளில் மாதிரிகள் பத்தரமுல்லையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பப்படுவது இதற்காகவே. வெறும் பட்டிச் சோதனையைக் காட்டி யாராவது உங்களைக் குற்றம் சாட்டினால், "உறுதிப்படுத்தும் சோதனை செய்யப்பட்டதா?" என்று கேளுங்கள்.

ஒவ்வொரு திரவமும் வேறு கதை சொல்லும்

இரத்தம் இப்போதைய நிலையைச் சொல்லும். அதில் வரும் எண்ணுக்கு ஓரளவு பொருளுண்டு. ஆனால் அதே எண் இருவரிடம் இருவிதமாக வேலை செய்யும். முதன்முறை போட்டவரை அது படுக்க வைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் போட்டவர் அதே அளவோடு சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருப்பார்.

சிறுநீர் கடந்த சில நாள்களைச் சொல்லும். ஒருமுறை போட்ட டயஸிபாம் சில நாள் வரை தெரியும். நெடுங்காலம் போட்டவருக்கு நிறுத்திய பிறகும் சில கிழமை வரை தெரியலாம். எத்தனை குளிசை, எந்த நேரம், மயக்கத்தில் இருந்தாரா என்பவற்றுக்குச் சிறுநீரிடம் பதில் இல்லை.

உமிழ்நீரில் மிகச் சிறு பங்குதான் வரும். டயஸிபாமில் நூற்றுக்கு 98 பங்கு இரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம்.

தாய்ப்பாலிலும் மருந்து சிறிதளவு கலக்கிறது. பச்சைக் குழந்தையின் ஈரல் இன்னும் முதிராததால் அதை மெதுவாகத்தான் வெளியேற்றும். குழந்தை எந்நேரமும் தூங்கிக்கொண்டிருந்தால், பால் குடிக்கச் சோம்பினால், நிறை ஏறாவிட்டால் உடனே குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ நீங்கள் போடும் குளிசையைக் காட்டுங்கள். பாலையோ குளிசையையோ நீங்களாக நிறுத்தவேண்டாம். வலிப்புக்காக பீனோபாபிட்டோன் போடும் தாய்மார் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அந்தக் குளிசையைத் திடீரென்று விட்டால் வலிப்பு வந்து தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்து, கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா என்று வைத்தியரே தீர்மானிப்பார்.

தெரியாமல் கொடுத்தால்

இதுவரை நாமாகப் போடும் குளிசையைப் பற்றிப் பேசினோம். ஒரு பெண்ணுக்குத் தெரியாமலே அவளது சாப்பாட்டிலோ குடிபானத்திலோ கலந்து கொடுப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள்.

பிரான்ஸைச் சேர்ந்த ஜிசெல் பெலிகோ என்ற பெண்ணின் வழக்கை உலகமே அறிந்தது. அவருடைய கணவரே 2011 முதல் 2020 வரை உணவிலும் பானத்திலும் லோரசிபாம் கலந்து மயக்கி, தானும் கொடுமை செய்து, பிற ஆண்களையும் வரவழைத்துக் கொடுமை செய்வித்தார். அந்த ஆண்டுகளில் அப்பெண்ணுக்கு ஞாபகம் தப்பியது. பேசியது, செய்தது எல்லாம் மறந்தது. மறதி நோய் வந்துவிட்டதோ என்று பயந்து வைத்தியர்களிடம் போனார். நித்திரை மருந்தைத் தேடிச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. வேறொரு குற்றத்துக்காகக் கணவர் 2020இல் பிடிபட்டபோது அவரது கணினியில் இருந்த வீடியோக்களால்தான் உண்மை வெளியே வந்தது. அவிஞ்ஞோன் நகர நீதிமன்றம் 2024 டிசம்பர் 19ஆம் திகதி கணவர் உட்பட 51 ஆண்களையும் குற்றவாளிகளாகக் கண்டது. கணவருக்கு 20 ஆண்டுச் சிறை. வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்களே என்று கூறி, தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வழக்கைத் திறந்த மன்றில் நடத்தும்படி கேட்டவர் அந்தப் பெண்தான்.

லோரசிபாமைப் பல பட்டிகள் தவறவிடுகின்றன என்று மேலே சொன்னேன். அப்பெண்ணின் சிறுநீரை யாராவது பட்டியில் பார்த்திருந்தால்கூட "இல்லை" என்று வந்திருக்கக்கூடும். ஆகவே "இல்லை" என்ற ரிப்போட்டைக் காட்டி ஒரு பெண்ணைப் பொய்காரி என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அப்படியான சந்தேகம் உங்களுக்கோ உங்கள் மகளுக்கோ வந்தால், நேரம் மிக முக்கியம். இரத்தத்தில் பல மருந்துகள் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும். சிறுநீரில் 5 நாள் வரை தேடிப் பார்க்கலாம். சில மருந்துகள் அரை நாளிலேயே போய்விடும். ஆகவே:

வெட்கத்தையும் பயத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முடிந்தளவு விரைவில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேளுங்கள்.

போகும்வரை சிறுநீரை அடக்க முடியாவிட்டால், சுத்தமான, மூடியுள்ள போத்தலில் எடுத்து, திகதியும் நேரமும் எழுதிக் குளிரான இடத்தில் வைத்துக் கொண்டுபோங்கள்.

குளிக்கவேண்டாம், உடுப்பைத் தோய்க்கவேண்டாம். குடித்த கோப்பை, மிச்சச் சாப்பாடு இருந்தால் கழுவாமல் எடுத்து வையுங்கள்.

நீங்கள் வழமையாகப் போடும் குளிசையை மறைக்கவேண்டாம். அதைச் சொன்னால்தான் உடம்பில் உள்ள மற்றையது எது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

ஒரு கிழமை கடந்துவிட்டாலும் போங்கள். தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது. அதில் சில மருந்துகளின் சுவடு மாதக்கணக்கில் நிற்கும். பரிசோதனையில் எதுவும் அகப்படாவிட்டாலும் உங்கள் வாக்குமூலம் சாட்சியமே.

குளிசை தீர்க்காதது

உலக சுகாதார ஸ்தாபனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டல், கொடிய அனுபவத்துக்குப் பின்னான முதல் மாதத்தில் வரும் மனஉளைச்சலுக்கும் நித்திரையின்மைக்கும், அன்புக்குரியவரை இழந்த துயரத்துக்கும் பென்சோடயஸிபீன் குளிசைகளைக் கொடுக்கவேண்டாம் என்று சொல்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் 2020இல் இக்குளிசைகளுக்குப் பழகிப்போகும் ஆபத்தைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் தாய்க்குக் குளிசை ஓர் இரவைத் தரலாம். மகனைப் பற்றிய பதிலை அது தராது. அந்தத் துயரத்துக்கு உளவளத்துணையும், கூட இருந்து கேட்கும் மனிதரும், நீதியும் வேண்டும்.

இதை வாசித்துவிட்டு நெடுநாள் போடும் குளிசையை இன்றிரவே தூக்கி எறியவேண்டாம். திடீரென்று விட்டால் நடுக்கம், வலிப்புக்கூட வரலாம். வைத்தியரிடம் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சாராயத்தோடு ஒருபோதும் சேரக்கூடாது. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். தவறுதலாகவோ மனமுடைந்தோ யாராவது அதிகமாகப் போட்டுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், வெறும் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மனம் பாரமாக இருந்தால் 1926 என்ற இலக்கத்திலும், பெண்கள் மீதான வன்முறை பற்றிப் பேச 1938 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் குளிசையின் பெயர் என்ன? எத்தனை மில்லிகிராம்? எவ்வளவு காலத்துக்கு? பதிலைக் கொப்பியில் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். கூட்டம் கூட என்று யாராவது அவசரப்படுத்தினாலும், பணிவாக இன்னொருமுறை கேளுங்கள். உங்கள் உடம்பில் ஓடுவது என்னவென்று மற்றவர்களுக்கு முதல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.